சதை வேறு, கொழுப்பு வேறு: குழந்தைகளின் தசையும் ஃபேட்டி லிவரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் 'சதை' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருளைப் போட்டு வைத்திருக்கிறோம். கறிக்கடையில் "எலும்பு வேண்டாம், சதையாப் போடுங்க" என்றால் அது தசை. "லீவுக்கு ஆச்சி வீட்டுக்குப் போய்ட்டு வந்து பையன் நல்லா சதை போட்டுட்டான்" என்றால் அது பெரும்பாலும் கொழுப்பு. நான் குழந்தைகளுக்கான உணவு ஆலோசகர். 'ஃபேட்டி லிவர்' என்று எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரும் பெற்றோரிடம், இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதற்கே முதல் பத்து நிமிடம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

குடிப்பழக்கமே இல்லாத பிள்ளைக்கு எப்படி ஃபேட்டி லிவர் வரும்?

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் சேர்ந்திருந்தால் அது கொழுப்புக் கல்லீரல். மது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. குடிக்காதவர்களின் கல்லீரலிலும் இதே பாதிப்பு இருப்பதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1980-இல் விவரித்துப் பெயர் வைத்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1983-இல், குழந்தைகளிடமும் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். 'மது சாராத' என்ற அடைமொழியோடு வெகுகாலம் வழங்கிய அந்தப் பெயரை 2023-இல் பன்னாட்டு மருத்துவச் சங்கங்கள் கூடி மாற்றின. வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் என்பது புதுப் பெயரின் பொருள். ரிப்போர்ட்டில் பழைய பெயர் இருந்தாலும் புதிய பெயர் இருந்தாலும் நோய் ஒன்றுதான்.

இது அபூர்வமும் இல்லை. சான் டியேகோ பகுதியில் 1993 முதல் 2003 வரை விபத்து போன்ற காரணங்களால் இறந்து பிரேதப் பரிசோதனைக்கு வந்த 2 முதல் 19 வயதுக்குட்பட்ட 742 பேரின் கல்லீரலை ஆராய்ந்தார்கள். வயது, பாலினம், இனம் ஆகியவற்றுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தபோது பத்தில் ஒருவருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருப்பதாகக் கணக்கு வந்தது. பருமனான பிள்ளைகளில் 38 சதவீதம். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே உயிரோடு இருந்தபோது தெரிந்திருக்காது. இந்த நோய்க்குப் பெரும்பாலும் வலி கிடையாது.

சரி, இதில் தசை எங்கே வருகிறது?

பழைய வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் குதிர் என்ற பெரிய கலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அறுவடை நெல் முதலில் குதிருக்குப் போகும். குதிர் நிறைந்துவிட்டால், அல்லது குதிரே சிறிதாக இருந்தால், பானையிலும் சட்டியிலும் போட்டு அடைக்க வேண்டி வரும்.

நம் உடம்பின் குதிர் தசை. இட்லியோ சோறோ சாப்பிட்டதும் அது சர்க்கரையாகி ரத்தத்துக்கு வருகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் கதவைத் தட்டியதும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே வாங்கும் திசுக்களில் மிகப் பெரியது தசைதான். வாங்கிய சர்க்கரையை கிளைகோஜன் என்ற மாவுப்பொருளாக அடுக்கி வைத்து, ஓடும்போதும் குதிக்கும்போதும் எரிக்கிறது. தசை குறைவாக இருந்தாலோ, இருக்கும் தசை வேலையே செய்யாமல் கிடந்தாலோ, கதவு சரியாகத் திறப்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைக் கொட்டுகிறது. மிஞ்சிய சர்க்கரை கல்லீரலுக்குப் போய்ச் சேர்கிறது. கல்லீரலும் கொஞ்சம் கிளைகோஜன் வைத்துக்கொள்ளும், ஆனால் அது சின்னப் பானை. அது நிறைந்ததும், வந்த சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது. இன்னொரு பக்கம், இன்சுலினின் சொல்லுக்குக் கட்டுப்படாத கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கசிந்து அதே கல்லீரலுக்கு வருகின்றன.

யேல் பல்கலைக்கழகத்தில் 2007-இல் இதைக் கண்முன்னே காட்டிய ஓர் ஆய்வு நடந்தது. ஒல்லியான, ஆரோக்கியமான இளைஞர்கள்தான் அதில் இருந்தார்கள். அவர்களில் தசையில் இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒரே மாதிரியான மாவுச்சத்து உணவைக் கொடுத்தார்கள். எதிர்ப்பு உள்ளவர்களின் தசையில் கிளைகோஜன் சேர்வது பாதிக்கும் கீழே போயிருந்தது. அவர்களின் கல்லீரல் புதிதாகக் கொழுப்பு உருவாக்குவதோ இரண்டு மடங்குக்கு மேல். அதே குழுவினர் 2011-இல் இப்படிப்பட்டவர்களை ஒரே ஒரு முறை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். அடுத்து சாப்பிட்டபோது தசை சர்க்கரையை அள்ளிக்கொண்டது, கல்லீரல் கொழுப்பு உண்டாக்குவது 30 சதவீதம் குறைந்தது. இவை பெரியவர்களிடம் செய்த ஆய்வுகள். ஆனால் குழந்தைகளின் உடம்பிலும் தசைக்கும் கல்லீரலுக்கும் உள்ள உறவு இந்த வழியில்தான் ஓடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. சுருங்கி விரியும் தசை சும்மா இருப்பதில்லை, சில புரதங்களை ரத்தத்தில் விடுகிறது. அவற்றை மயோகைன்கள் என்பார்கள். கொழுப்பை எரிப்பதிலும் அழற்சியைக் கட்டுப்படுத்துவதிலும் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. அந்த ஆராய்ச்சி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

தசை குறைந்தால் ஃபேட்டி லிவர் வரும் என்று நிரூபித்துவிட்டார்களா?

தொடர்பு இருப்பது தெளிவு. எது முதலில் என்பது அவ்வளவு தெளிவில்லை.

கொரியாவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் உடல் கூறு அளக்கப்பட்ட சிறுவர் சிறுமியரிடம், கொழுப்போடு ஒப்பிட்டால் தசை குறைவாக உள்ளவர்களுக்கு ஃபேட்டி லிவர் அதிகம் காணப்பட்டது. ரோம் நகரில் அதிக எடையும் பருமனும் உள்ள பிள்ளைகளிடம் எம்.ஆர்.ஐ. மூலம் கல்லீரல் கொழுப்பையும் உடம்பின் கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டும் டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேன் மூலம் தசையையும் அளந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வும் அதையே சொன்னது. ஆனால் இவை ஒரு நேரத்தில் எடுத்த புகைப்படம் போன்றவை. தசை குறைந்ததால் கல்லீரல் கெட்டதா, கல்லீரல் கெட்டதால் தசை தேய்ந்ததா, அல்லது ஓடியாடாத வாழ்க்கை இரண்டையும் ஒரே நேரத்தில் கெடுத்ததா என்று புகைப்படம் சொல்லாது. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு சிக்கலை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் குழம்புகிறார்கள். குண்டான பிள்ளையின் தசையை கிலோ கணக்கில் அளந்தால், ஒல்லிப் பிள்ளையைவிட அதிகமாகவே இருக்கும். அவ்வளவு எடையைச் சுமந்து நடக்கிறதே! அதனால் 'இவனுக்குத் தசை நிறைய இருக்கு' என்று இயந்திரம் காட்டும் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. உடல் எடையில் தசை எத்தனை பங்கு, கொழுப்புக்கு எதிரே தசை எவ்வளவு என்ற விகிதம்தான் கல்லீரலோடு பேசுகிறது. தசையின் தரமும் முக்கியம். கறித்துண்டில் வெள்ளை வரி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத் தசைக்குள்ளேயே கொழுப்பு படியும். அப்படிப் படிந்த தசை அளவில் பெரிதாகத் தெரிந்தாலும் சர்க்கரையை வாங்குவதில் மந்தம்தான்.

என் மகள் ஒல்லிதான். அவளுக்கும் வருமா?

வரலாம். நம் நாட்டுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

புனே நகரில் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கின் குழு அந்தப் பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-இல் எழுதியது. நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. வயிற்றுச் சுற்றளவும், தசையைக் காட்டும் கைச் சுற்றளவும் நம் குழந்தைகளுக்கு மிகக் குறைவு. ஆனால் தோள்பட்டைக்குக் கீழே தோலைக் கிள்ளி அளக்கும் கொழுப்பு மடிப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. அதாவது எடை குறைவு, தசை குறைவு, கொழுப்பு மட்டும் காப்பாற்றப்பட்டிருக்கிறது. 'ஒல்லியான கொழுத்த குழந்தை' என்று இதைச் சொல்வார்கள்.

அடுத்த ஆண்டு அதே யாக்னிக், லண்டனைச் சேர்ந்த தன் சக மருத்துவர் ஜான் யுட்கினோடு நின்று எடுத்த படம் 'லான்செட்' இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. சரியாக 22.3. உடல் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷின் இருவரையும் ஒன்றாகவே காட்டியது. இந்தக் காரணத்தால்தான் இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், பெரியவர்களின் 23 என்ற அளவுக்கு இணையான கோட்டைத் தாண்டினாலே அதிக எடை என்று வைத்திருக்கிறார்கள். வேறு இடங்களில் அது 25.

அதனால் கையும் காலும் குச்சியாக இருந்து, வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும் பிள்ளையை 'ஒல்லிதானே' என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நூலை எடுத்து உயரத்தை அளந்து, அதைப் பாதியாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நூல் எட்டவில்லை என்றால் மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம். உண்மையிலேயே ஒல்லியான பிள்ளைக்கு, அல்லது மிகச் சின்ன வயதில் ஃபேட்டி லிவர் என்று வந்தால், வில்சன் நோய் (உடம்பில் செம்பு சேர்வது), பிறவி வளர்சிதைக் கோளாறுகள், சிலியாக் நோய் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதது) போன்றவை இருக்கின்றனவா என்று மருத்துவர் தேடுவார். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கழுத்தில் அழுக்கு மாதிரி கருப்பு இருக்கிறது. தேய்த்தாலும் போகவில்லையே?

ஒருமுறை ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒருத்தி வந்தாள். பின்கழுத்தில் கருமைக்கு நடுவே சிவப்புச் சிவப்பாகக் கீறல். அம்மா பீர்க்கங்காய் நாரில் பயத்தமாவைப் போட்டுத் தினமும் தேய்த்திருக்கிறார். "சரியாக் குளிக்க மாட்டேங்கிறா மேடம்" என்று என்னிடமே அவளைத் திட்டினார். அந்தக் குழந்தை தலையைக் குனிந்துகொண்டே இருந்தது. அது அழுக்கே இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருக்கும்போது கழுத்து, அக்குள், முழங்கை மடிப்புகளில் தோல் தடித்து வெல்வெட் போலக் கருக்கும். தேய்த்தால் போகாது. தசை இன்சுலினுக்குக் கதவு திறக்க ஆரம்பித்தால் மெல்ல மங்கும். தயவுசெய்து தேய்க்காதீர்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள். இன்சுலின் எதிர்ப்பை வெளியே காட்டும் அடையாளம் அது, நன்றி சொல்லி மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

என்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

முதலில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதியை அளக்கும் ரத்தப் பரிசோதனை. ஏ.எல்.டி. என்றும் எழுதியிருப்பார்கள். லேப் ரிப்போர்ட்டில் 40 அல்லது 45 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கும். அது பெரியவர்களை வைத்துப் போட்ட அளவு. வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை, கல்லீரல் மருத்துவர்கள் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல்படி ஆண் பிள்ளைக்கு 26, பெண் பிள்ளைக்கு 22 என்பதுதான் மேல் எல்லை. அதைப்போல் இரண்டு மடங்கு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் காரணத்தைத் தேட வேண்டும், 80-ஐத் தாண்டினால் தாமதிக்காமல் தேட வேண்டும். பருமனான பிள்ளைகளுக்கும், அதிக எடையோடு வேறு ஆபத்துக் காரணங்கள் உள்ளவர்களுக்கும் 9 முதல் 11 வயதுக்குள் இந்தப் பரிசோதனையை எடுத்துப் பார்க்கச் சொல்கிறது அதே வழிகாட்டுதல்.

ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று வருவது பளபளப்பைப் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு. கொழுப்பு கொஞ்சமாக இருந்தால் சாதாரண அல்ட்ராசவுண்டுக்குத் தெரியாமலே போகலாம். எனவே ஸ்கேன் நார்மல் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். கல்லீரலின் இறுக்கத்தை அளக்க ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. துல்லியமானது, செலவும் அதிகம். தசையிலிருந்து மாதிரி எடுக்கும் பேச்சே கிடையாது. கல்லீரலிலிருந்து எடுப்பதும் மருத்துவருக்குச் சந்தேகம் பலமாக இருக்கும்போதுதான்.

எஸ்.ஜி.பி.டி. கூடினால் கோளாறு கல்லீரலில்தானா?

இல்லை. இந்த ஒரு பதிலையாவது முழுசாகப் படியுங்கள்.

எஸ்.ஜி.பி.டி., அதோடு சேர்த்துப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி, இரண்டுமே தசையிலும் இருக்கின்றன. தசை சிதைந்தாலும் ரத்தத்தில் அவை ஏறும். டூஷேன் என்ற தசைச்சிதைவு நோய் உள்ள ஆண் குழந்தைகள், 'லிவர் எண் கூடியிருக்கிறது' என்ற பெயரில் மாதக் கணக்கில் கல்லீரல் பரிசோதனைகளுக்கு அலைந்து, கடைசியில் நோய் தசையில் இருப்பது தெரிந்த சம்பவங்கள் மருத்துவ உலகில் பலமுறை பதிவாகியிருக்கின்றன. வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. சி.பி.கே. என்ற தசை நொதியைப் பார்த்தால் போதும். தசை நோயில் அது பல மடங்கு ஏறியிருக்கும், தசையிலிருந்து வராத ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி நார்மலாக இருக்கும்.

உங்கள் பையன் நடக்கத் தாமதமானவனா? அடிக்கடி விழுகிறானா? கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கிறதா? தரையிலிருந்து எழும்போது தன் தொடைமேல் கையை வைத்து ஏறி ஏறி எழுகிறானா? இவற்றில் ஒன்று இருந்தாலும், எஸ்.ஜி.பி.டி. ரிப்போர்ட்டைக் காட்டும்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். "சி.பி.கே. பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆரோக்கியமான பிள்ளைக்கும் ஒரு குறிப்பு. ஸ்போர்ட்ஸ் டே முடிந்த மறுநாள், அல்லது கபடி கோச்சிங் சேர்ந்த முதல் வாரத்தில் ரத்தம் கொடுத்தால் இந்த எண்கள் சற்று ஏறித் தெரியலாம். ஒரு வாரம் தள்ளி எடுப்பது நல்லது.

பிள்ளைக்குத் தசை போதுமான அளவு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

டெக்ஸா ஸ்கேன் துல்லியம். ஜிம்மிலும் சில கிளினிக்கிலும் ஏறி நின்றால் தசை இத்தனை சதவீதம் என்று காட்டும் மெஷின், உடம்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திக் கணக்குப் போடுவது. தண்ணீர் குடித்திருக்கிறானா, சாப்பிட்டானா என்பதைப் பொறுத்தே அது மாறும். ஒரே மெஷினில், ஒரே நேரத்தில், சில மாத இடைவெளியில் பார்த்தால் போக்கு தெரியும், அவ்வளவுதான். பிடிவலிமையை அளக்கும் கைக்கருவி ஒன்று உண்டு. எளியது, மலிவானது, தசையின் வலுவைப் பற்றி நிறையச் சொல்லும்.

நான் முதலில் எதையும் அளப்பதில்லை. தரையில் ஒரு பாயைப் போட்டு, பிள்ளையைச் சம்மணமிட்டு உட்காரச் சொல்வேன். பிறகு கையை ஊன்றாமல் எழச் சொல்வேன். பதினோரு வயதுப் பையன் ஒருவன் மூன்று முறை முயன்றான். முன்னால் சாய்ந்தான், பக்கவாட்டில் சரிந்தான், கடைசியில் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கூட வந்த அப்பத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "இதுகூடவா வரல?" என்று சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, கை படாமல் எழுந்து காட்டினார். அவர் வயலில் நாற்று நட்டவர். பையன் வீட்டில் சாப்பாட்டு மேசை, பள்ளியில் பெஞ்ச், வேனில் சீட். தரையோடு அவனுக்கு உறவே இல்லை. இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை கிடையாது. ஆனால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குக் காட்டிவிடும்.

சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்கினால் போதாதா?

எடை இறங்கினால் கல்லீரல் கொழுப்பும் இறங்கும், அது உண்மை. ஆனால் எப்படி இறங்கியது என்று பார்க்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி, காலையில் இரண்டே இட்லி என்று ஒடுக்கினால், இறங்கும் எடையில் ஒரு பகுதி தசை. இருக்கிற குதிர் ஒன்றையும் இடித்துவிட்டு நெல் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால் எப்படி? அப்புறம் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும்போது கொழுப்பு வேகமாக வரும், போன தசை அவ்வளவு வேகமாக வராது.

பட்டினி கல்லீரலைக் காப்பாற்றாது என்பதற்குப் பழைய சாட்சியே இருக்கிறது. புரதமே கிடைக்காமல் கை கால் தேய்ந்து, உடல் வீங்கிக் கிடக்கும் குவாஷியார்கர் நோயில் குழந்தைகளின் கல்லீரல் நிறையக் கொழுப்புத்தான் இருக்கும்.

வளரும் பிள்ளைக்கு, எடை ஏறாமல் நின்று உயரம் கூடினாலே பல நேரம் பாதி வேலை முடிந்தது. அளவுகோலை மெஷினிலிருந்து நாடாவுக்கு மாற்றச் சொல்கிறேன். இடுப்பு குறைகிறதா, தொடை உறுதியாகிறதா, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைகிறதா என்று பாருங்கள்.

எந்த உடற்பயிற்சி நல்லது? நடந்தால் போதுமா?

பிட்ஸ்பர்க்கில் பருமனான வளரிளம் பையன்களைப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஓட்டம், சைக்கிள் போன்ற மூச்சுப்பயிற்சியும் இன்னொரு குழுவுக்கு எடை தூக்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், மூன்று மாதம். சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லவே இல்லை. 2012-இல் வெளியான முடிவுப்படி இரண்டு குழுவிலும் கல்லீரல் கொழுப்பு குறைந்தது. இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது எடை தூக்கிய குழுவில்தான். அடுத்த ஆண்டு அதையே பெண் பிள்ளைகளிடம் செய்தபோது, கல்லீரல் கொழுப்பைக் குறைத்தது ஓட்ட வகைப் பயிற்சி மட்டுமே. எனவே 'இது ஒன்றுதான் மருந்து' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டும் கலந்து செய்யட்டும். உலக சுகாதார நிறுவனமும் 5 முதல் 17 வயதுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான இயக்கம், அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்ப்பவை என்றுதான் சொல்கிறது.

இதற்கு ஜிம் தேவையில்லை. தண்டால், பஸ்கி, தோப்புக்கரணம் எல்லாம் தசைப் பயிற்சிதான். தண்டால் வராத பிள்ளை சுவரில் கை வைத்துத் தள்ளட்டும், பிறகு திண்ணையில், பிறகு தரையில். கபடி, கோ-கோ, சிலம்பம், நீச்சல் எல்லாமே இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்பவை. பெண் குழந்தைகள் வயதுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்துவது இன்னும் நம் வீடுகளில் நடக்கிறது. பருவ வயதில் இயல்பாகவே இன்சுலின் எதிர்ப்பு கூடும். விளையாட்டு மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அதைப் பிடுங்கிக்கொள்கிறோம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார்களே?

நிற்காது. சரியாகக் கற்றுக்கொடுக்கும் ஆள் பக்கத்தில் இருந்து, குறைந்த எடையில் முறையாகச் செய்தால் வளர்ச்சிக்குப் பாதிப்பில்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. போட்டிக்காக மூச்சைப் பிடித்து அதிகபட்ச எடையைத் தூக்குவது மட்டும் வேண்டாம்.

தசை வளர எவ்வளவு புரதம் வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி 7 முதல் 9 வயதுக்கு நாளுக்கு ஏறத்தாழ 23 கிராம், 10 முதல் 12 வயதுக்கு 32 கிராம் அளவில், 13 முதல் 15 வயதுக்கு 43 முதல் 45 கிராம்.

கேட்கும்போது பெரிதாகத் தெரியும். வீட்டுக் கணக்கில் பாருங்கள். ஒரு முட்டை 6 கிராம். ஒரு டம்ளர் பால் 6 கிராம். ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 6 கிராம். கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம் அதே அளவு. மீதி இட்லி, சோறு, சப்பாத்தியிலிருந்தே வந்துவிடும். நம் வீட்டில் நடப்பது வேறு. சாம்பாரில் பருப்பு தண்ணீராக ஓடுகிறது, தட்டில் சோறு மலையாக இருக்கிறது, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. சைவமோ அசைவமோ, நான் கேட்பது ஒரே மாற்றம்தான்: சோறு ஒரு கரண்டி குறையட்டும், பருப்போ பயறோ மீனோ முட்டையோ ஒரு கரண்டி கூடட்டும். மாலையில் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் சுண்டல், வேர்க்கடலை. காலையில் வாரம் இரண்டு நாள் அடை அல்லது பச்சைப்பயறு தோசை. மத்தி மீன் கிடைக்கும் ஊர்க்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

சாப்பாட்டில் புரதத்தை மட்டும் ஏற்றிவிட்டுப் பிள்ளையை சோபாவிலேயே உட்காரவைத்தால் தசை வளராது. வேலை கொடுத்தால்தான் வளரும்.

புரோட்டீன் பவுடர், ஹெல்த் டிரிங்க்?

தேவையில்லை. டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எவ்வளவு என்று படித்துப் பார்த்தீர்களானால் பலவற்றை நீங்களே கீழே வைத்துவிடுவீர்கள்.

சர்க்கரைதான் முதல் எதிரியா?

கல்லீரலைப் பொறுத்தவரை ஆம் என்றே சொல்வேன். நாம் டீயில் போடும் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. அது தசைக்குப் போய் எரிவதைவிடப் பெரும்பாலும் குடலிலும் கல்லீரலிலுமே முடிகிறது, எளிதில் கொழுப்பாகிறது. ஃபேட்டி லிவர் உள்ள 11 முதல் 16 வயதுப் பையன்கள் 40 பேரிடம் அமெரிக்காவில் செய்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், பாதிப் பேரின் வீட்டு உணவிலிருந்து சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் பழச்சாற்றையும் எட்டு வாரம் ஏறக்குறைய நீக்கினார்கள். அவர்களின் கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. வழக்கம்போல் சாப்பிட்டவர்களுக்கு 21-லிருந்து 20.

300 மில்லி கூல்டிரிங்க்ஸில் 30 கிராமுக்கு மேல், அதாவது ஆறேழு டீஸ்பூன் சர்க்கரை. பாக்கெட் மாம்பழ ஜூஸும் ரோஸ் மில்க்கும் அதற்குக் குறைந்தவை அல்ல. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் தேனும் கல்லீரலுக்கு வேறு இனமாகத் தெரியாது. பழத்தை முழுசாகக் கடித்துத் தின்னட்டும், அதற்குத் தடையில்லை. குடிக்க மோர் இருக்கிறது, இளநீர் எப்போதாவது, தண்ணீர் எப்போதும்.

மருந்து ஏதும் இல்லையா? லிவர் டானிக், கீழாநெல்லி?

குழந்தைகளின் ஃபேட்டி லிவருக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையும் வைட்டமின் ஈ-யும் எஸ்.ஜி.பி.டி.யை நிலையாகக் குறைக்கின்றனவா என்று அமெரிக்காவில் பெரிய ஆய்வே நடத்தி, 2011-இல் இல்லை என்று முடிவு சொன்னார்கள். வைட்டமின் ஈ சிலருக்குத் திசு அளவில் உதவியது, அதை யாருக்குக் கொடுப்பது என்பது மருத்துவர் முடிவு. டானிக் கொழுப்பைக் கரைக்காது. சில சிரப்புகளின் இனிப்பே பிரச்சினை. நாட்டு மருந்து எது கொடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், சில மூலிகைக் கலவைகள் கல்லீரலைப் புண்படுத்தும்.

எத்தனை நாளில் சரியாகும்?

சர்க்கரையை நிறுத்திய பலன் இரண்டு மாதத்திலேயே தெரியலாம் என்று மேலே பார்த்தோம். தசை கட்டுவதற்கு இன்னும் பொறுமை வேண்டும். முதல் சில வாரங்களில் பலம் கூடுவது நரம்பு பழகுவதால். கண்ணுக்குத் தெரியும் தசை அதற்குப் பிறகுதான். மருத்துவர் சொல்லும் தேதியில், பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்தில், எஸ்.ஜி.பி.டி.யை மறுபடி பாருங்கள். அதுவரை வாராவாரம் எடை மெஷினில் ஏற்றி இறக்கிப் பிள்ளையை வாட்ட வேண்டாம்.

கண் மஞ்சளாவது, வயிறு நீர்கோத்து உப்புவது, ரத்தவாந்தி, கருப்பு மலம், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

'குண்டு' என்ற வார்த்தையை வீட்டை விட்டே வெளியே போடுங்கள். விருந்தாளி முன்னால் தட்டிலிருந்து எடுக்காதீர்கள். எதையாவது குறைக்கச் சொல்வதைவிட எதையாவது செய்யச் சொல்வது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மாற்றம் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து நடக்கட்டும். அப்பா கூல்டிரிங்க்ஸ் குடித்துக்கொண்டே மகனுக்கு மோர் கொடுத்தால் அது நிற்காது.

நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்த அந்தப் பையனுக்கு நான் முதல் மாதம் கொடுத்தது இரண்டே வேலை. ராத்திரிச் சாப்பாட்டை அப்பத்தாவோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனை அவனும் அப்பாவும் சேர்ந்து மாடிக்குத் தூக்க வேண்டும். நான்காவது மாதம் வந்தபோது எடை அரை கிலோதான் குறைந்திருந்தது, உயரம் கூடியிருந்தது. எஸ்.ஜி.பி.டி. 71-லிருந்து 38-க்கு வந்திருந்தது. இன்னும் 26-க்குள் வரவில்லை என்பதையும் அவனிடம் சொன்னேன். அவன் அதைக் கேட்டுக்கொண்டே பாயை விரித்துப் போட்டு, யாரும் சொல்லாமலே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.